பிளஸ் டூ அரசியல் அறிவியல்: வீட்டோ முதல் வரைபடம் வரை

மேல்நிலை வகுப்பில் அரசியல் அறிவியல் படிப்பவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளிலிருந்து சில.

ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஒரு தீர்மானம் நிறைவேற 5 நிரந்தர உறுப்பினர்களும் ஆதரித்து வாக்களிக்க வேண்டும் என்று எழுதினேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். ஏன்?
*– பிளஸ் டூ மாணவி, திருவாரூர்*

ஐ.நா. சாசனத்தின் 27-வது பிரிவை வாசித்தால் நீங்கள் எழுதியதுதான் சரி என்று தோன்றும். ஐந்து நாடுகளின் இசைவான வாக்கும் வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு அவை நடந்து வந்த விதம் வேறு. வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் விலகி நிற்பது தடுப்பதிகாரம் (வீட்டோ) ஆகாது என்பது அங்கே நிலைபெற்ற வழக்கம்.

மொத்தம் 15 உறுப்பினர்கள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் நிரந்தரம். மற்ற 10 நாடுகள் இரண்டிரண்டு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவை. தீர்மானம் நிறைவேற இரண்டு நிபந்தனைகள் உண்டு. 9 ஆதரவு வாக்குகள் வேண்டும். ஐவரில் ஒருவரும் எதிர்த்து வாக்களித்திருக்கக் கூடாது. மூன்று கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். 14 பேர் ஆதரவு, ஒரு நிரந்தர உறுப்பினர் எதிர்ப்பு என்றால் தீர்மானம் விழுந்துவிடும். 9 பேர் ஆதரவு, ஐவரில் மூவர் விலகல், மற்ற மூவர் எதிர்ப்பு என்றால் நிறைவேறும், எதிர்த்த மூவரும் நிரந்தர உறுப்பினர் அல்லர் என்பதால். 8 பேர் ஆதரவு, 7 பேர் விலகல் என்றால் நிறைவேறாது. ஆனால் அதை வீட்டோ என்று எழுதக் கூடாது, அங்கே குறைந்தது வாக்கு எண்ணிக்கை மட்டுமே. கூட்டம் எப்போது, நிகழ்ச்சி நிரல் என்ன என்பன போன்ற நடைமுறை விஷயங்களில் வீட்டோவுக்கு இடமே இல்லை.

இதை மனத்தில் பதிக்க 1950-ஐ விடச் சிறந்த பாடம் கிடையாது. சீனாவின் இருக்கையில் தைவானுக்குப் பெயர்ந்த அரசாங்கம் அமர்ந்திருப்பதை எதிர்த்து, அந்த ஆண்டு ஜனவரி முதல் சோவியத் ஒன்றியம் பாதுகாப்பு அவையைப் புறக்கணித்தது. ஜூனில் கொரியப் போர் மூண்டது. சோவியத் பிரதிநிதி இல்லாத நேரத்தில் தென் கொரியாவுக்கு உதவும் தீர்மானங்கள் நிறைவேறிவிட்டன. வராமல் இருப்பதும் வீட்டோ ஆகாது என்பதை மாஸ்கோ அப்போது கண்டுகொண்டு, ஆகஸ்டில் திரும்பி வந்தது. அவர்கள் வந்தபின் அவை மீண்டும் முட்டுக்கட்டையில் நிற்கவே, அதே ஆண்டு நவம்பரில் பொதுச்சபை 'அமைதிக்காக ஒன்றிணைதல்' தீர்மானத்தைக் கொண்டுவந்தது. பாதுகாப்பு அவை செயல்படாவிட்டால் பொதுச்சபை கூடிப் பரிந்துரைக்கலாம் என்பது அதன் சாரம். சீனாவின் இருக்கை பெய்ஜிங்குக்குக் கைமாறியது 1971 அக்டோபர் 25 அன்றுதான். எனவே '1950-ல் கம்யூனிஸ்ட் சீனா வீட்டோ செய்தது' என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

இந்தியா ஏன் இன்னும் நிரந்தர உறுப்பினர் ஆகவில்லை என்ற கேள்விக்கும் பலர் 'வல்லரசுகளுக்கு விருப்பமில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வழிமுறை 108-வது பிரிவில் இருக்கிறது. சாசனத்தைத் திருத்தப் பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அதாவது 193-ல் 129. பிறகு அதே அளவு நாடுகள் தத்தம் நாட்டில் ஏற்புறுதி செய்ய வேண்டும். அந்த ஏற்புறுதியில் ஐவரும் இருந்தாக வேண்டும். பாதுகாப்பு அவை விரிவானது ஒரே ஒரு முறை. 11 உறுப்பினர் 15 ஆனதும், தேவையான வாக்கு 7-லிருந்து 9 ஆனதும் 1965-ல் நடைமுறைக்கு வந்தன. அப்போதும் நிரந்தர இடம் ஒன்றுகூடக் கூடவில்லை. இந்த விவரத்தோடு எழுதினால் 6 மதிப்பெண் கேள்வி தானாக நிரம்பும்.

தமிழ் வழியில் படிக்கிறேன். கூட்டாட்சி, கூட்டணி ஆட்சி, கூட்டமைப்பு எல்லாம் ஒன்றுபோல் இருந்து குழப்புகின்றன.
*– பிளஸ் ஒன் மாணவர், அறந்தாங்கி*

இந்தக் குழப்பம் தமிழ் வழி மாணவர்கள் பலருக்கும் உண்டு. 'கூட்டு' என்ற ஒரே வேரில் எல்லாம் கிளைப்பதால் வருவது. கூட்டாட்சி என்றால் மத்திக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரம் அரசமைப்பாலேயே பிரித்துத் தரப்பட்டிருக்கும் முறை. கூட்டணி ஆட்சி என்றால் தனிப் பெரும்பான்மை இல்லாத கட்சிகள் சேர்ந்து அமைக்கும் அமைச்சரவை. முன்னது நாட்டின் அமைப்பு, தேர்தலால் மாறாது. பின்னது ஒரு தேர்தலின் விளைவு, அடுத்த தேர்தலில் மறையலாம். கூட்டமைப்பு என்பது இறையாண்மையுள்ள நாடுகள் தம் இறையாண்மையை விடாமல் சேர்ந்து நடத்துவது, சார்க் போல.

இன்னொரு பள்ளம் 'அரசு'. பேச்சில் 'தமிழ்நாடு அரசு' என்கிறோம், அங்கே அது அரசாங்கம். பாடத்தில் அரசு என்பதற்கு மக்கள்தொகை, நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை என நான்கு கூறுகள். அரசாங்கம் அதில் ஒரு கூறு மட்டுமே. ஆட்சி கவிழ்ந்தாலும் அரசு நிற்கும். இறையாண்மை இல்லாததால் தமிழ்நாடோ கேரளமோ பாடநூல் பொருளில் அரசு ஆகாது. விடைத்தாளில் இந்த இரண்டு சொல்லையும் மாற்றிப் போட்டால் முழு விடையும் கோணலாகிவிடும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒத்த சொற்களை இணை இணையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் உண்மையான உதாரணம் எழுதி வையுங்கள். உதாரணம் இல்லாத வரையறை பரீட்சை அறையில் நினைவுக்கு வராது.

1952 தேர்தலில் காங்கிரசுக்கு 45% வாக்குதான், ஆனால் நான்கில் மூன்று பங்கு இடங்கள். எப்படி என்று மாணவர்களுக்குப் புரிய வைக்க எளிய வழி உண்டா?
*– முதுகலை ஆசிரியர், தருமபுரி*

வகுப்பிலேயே தேர்தல் நடத்திவிடுங்கள். கரும்பலகையில் 5 தொகுதிகள், தொகுதிக்கு 100 வாக்கு. 'அ' கட்சிக்கு எல்லாத் தொகுதியிலும் 45. மீதி 55 வாக்குகள் 'ஆ', 'இ' என இரண்டாகப் பிரிந்து 30, 25. முடிவில் 'அ' கட்சிக்கு 45% வாக்கு, 5-க்கு 5 இடம். அதிக வாக்கு பெற்றவர் வெல்வார், பாதிக்கு மேல் வேண்டியதில்லை என்ற விதியும் எதிர்ப்பு வாக்குகள் சிதறுவதும் சேர்ந்து செய்யும் வேலை இது.

பிறகு உண்மை எண்களுக்கு வாருங்கள். 489-ல் காங்கிரசுக்கு 364. சோஷலிஸ்ட் கட்சிக்கு நாடு முழுவதும் 10 சதவீதத்துக்கு மேல் வாக்கு, கிடைத்ததோ 12 இடம். கம்யூனிஸ்ட் கட்சிக்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான், ஆனால் 16 இடம். சோஷலிஸ்டுகளின் வாக்கு எங்கும் பரவிக் கிடந்தது, கம்யூனிஸ்டுகளின் வாக்கு சில பகுதிகளில் திரண்டிருந்தது. மாணவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

அடுத்து 1967 சென்னை மாநிலம். 234 இடங்களில் தி.மு.க.வுக்கு 137. காங்கிரசுக்கும் அதற்கும் வாக்கு ஏறத்தாழ சமம், 41 சதவீதத்தை ஒட்டி. காங்கிரஸ் அநேகமாக எல்லாத் தொகுதிகளிலும் நின்றது. தி.மு.க. கூட்டணிக் கட்சிகளுக்கு இடம் விட்டு 174-ல் மட்டும் நின்றது. 1952-ல் எதிர்ப்பு வாக்கு சிதறியதால் வென்ற கட்சி, 1967-ல் அது ஒன்றுசேர்ந்ததால் தோற்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் 'காங்கிரஸ் முறை', 'காங்கிரஸ் எதிர்ப்பு அணி' என்ற பாடச் சொற்கள் வெறும் தலைப்பாக நிற்காது.

நெருக்கடி நிலை பற்றி எழுதும்போது எங்கள் வீட்டு அரசியல் கருத்து விடையில் வந்துவிடுகிறது என்கிறார் டியூஷன் சார். என்ன செய்ய?
*– பிளஸ் டூ மாணவர், கோவில்பட்டி*

கருத்து இருப்பதில் தவறே இல்லை. ஆதாரம் இல்லாமல் வந்தால்தான் மதிப்பெண் குறையும். 'சர்வாதிகாரம் நடந்தது' என்று எழுதுவதற்குப் பதில், யார், எந்தப் பிரிவின்கீழ், என்ன செய்தார் என்று எழுதுங்கள். 1975 ஜூன் 12-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது அரசமைப்பின் 352-வது பிரிவின்கீழ் 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணம் காட்டிப் பிரகடனம் செய்தார். அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் தெரியும். 1977 மார்ச்சில் விலக்கப்பட்டது.

அதன்பின் 1978-ல் வந்த 44-வது திருத்தம் எதை எதை அடைத்தது என்று பாருங்கள். 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. அமைச்சரவையின் எழுத்து மூலமான அறிவுரை கட்டாயமானது. நாடாளுமன்றம் ஒரு மாதத்துக்குள் சிறப்புப் பெரும்பான்மையுடன் ஒப்புதல் தர வேண்டும். 20, 21 ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது. ஒவ்வொரு பூட்டும் 1975-ல் திறந்து கிடந்த ஒரு கதவைக் காட்டுகிறது. உங்கள் கருத்தை இதைவிட வலுவாகச் சொல்ல வேறு வழி தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதை 352-ல் சேர்த்துவிடாதீர்கள். அது 356, மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி. நிதி நெருக்கடி 360, அது இதுவரை ஒருமுறையும் வந்ததில்லை.

பாடநூலில் ஒரு எண், பத்திரிகையில் வேறு எண். எதை எழுதுவது?
*– பெற்றோர், ஓசூர்*

ஆண்டோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் பாதுகாப்பு. '2020-ல் பிரிட்டன் விலகியபின் ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள்.' '2024-ல் சுவீடன் சேர்ந்தபின் நேட்டோவில் 32.' '2025-ல் தைமூர்-லெஸ்தே சேர்ந்தபின் ஆசியானில் 11.' ஒரு மதிப்பெண் கேள்வியில் மட்டும், தரப்பட்ட விடைகளில் பாடநூல் எண் இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

ஆறு மதிப்பெண் விடை மூன்று பக்கம் எழுதியும் 3 தான் கிடைக்கிறது. வரைபடக் கேள்வியிலும் ஒன்றிரண்டு போகிறது.
*– சி.பி.எஸ்.இ. மாணவி, சென்னை*

உங்கள் வினாத்தாளில் 2 மதிப்பெண்ணுக்கு 50–60 சொல், 4-க்கு 100–120, 6-க்கு 170–180 சொல் என்று மேலேயே போட்டிருக்கும். 175 சொல் என்பது சாதாரணக் கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம் வரும். மூன்று பக்கம் எழுதினால் பெரும்பாலும் ஒரே கருத்து மூன்று முறை திரும்பி வந்திருக்கும். மதிப்பீட்டாளர் கருத்துகளை எண்ணுவார், வரிகளை அல்ல. ஆறு தனித்தனிக் கருத்து, ஒவ்வொன்றும் இரண்டு வாக்கியம். முதல் வாக்கியம் காரணம், இரண்டாவது அதற்கு ஒரு நிகழ்வு.

சோவியத் ஒன்றியம் ஏன் உடைந்தது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுதப் போட்டியில் செலவு, கடைகளில் நுகர்பொருள் தட்டுப்பாடு, மக்களுக்குப் பதில் சொல்லாத ஒற்றைக் கட்சி ஆட்சி ஆகியவை நீண்டகாலக் காரணங்கள். 1985-ல் வந்த கோர்பசேவின் சீர்திருத்தம், பால்டிக் நாடுகளிலும் உக்ரைனிலும் ரஷ்யாவிலுமே எழுந்த தேசிய உணர்வு, 1991 ஆகஸ்டில் தோற்ற ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி ஆகியவை உடனடிக் காரணங்கள். ஆறு ஆகிவிட்டது. நீண்டகாலம், உடனடி என்று பிரித்து எழுதியவருக்கும் கலந்து எழுதியவருக்கும் மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியும். பெர்லின் சுவர் விழுந்தது 1989 நவம்பர் 9, ஜெர்மனி ஒன்றானது 1990 அக்டோபர் 3, கோர்பசேவ் பதவி விலகியது 1991 டிசம்பர் 25. இந்த மூன்றையும் ஒரே நிகழ்ச்சியாக எழுதுவது மிக அதிகமாகக் காணப்படும் பிழை.

வரைபடத்தில் மாநிலங்கள் A, B, C, D என்று குறிக்கப்பட்டிருக்கும். கீழே தரும் குறிப்பைப் படித்து எது எந்த மாநிலம் என்று சொல்ல வேண்டும். விடைத்தாளில் குறிப்பின் வரிசை எண், வரைபடத்தின் எழுத்து, மாநிலத்தின் பெயர் மூன்றும் வேண்டும். பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்தால் சரியான விடைக்கும் முழு மதிப்பெண் வராது. பயிற்சிக்கு வெற்று இந்திய வரைபடம் 10 பிரதி எடுங்கள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அந்தப் பாடத்தில் வந்த மாநிலங்களை மட்டும் நிரப்புங்கள். மொழிவாரி மாநிலப் பாடத்துக்கு 1953 ஆந்திரா, 1956 மறுசீரமைப்பு, 1960 மகாராஷ்டிரம்-குஜராத், 1966 பஞ்சாப்-ஹரியானா. வடகிழக்கில் ஏழு மாநிலங்களையும் பெயர் பார்க்காமல் குறிக்க வரும்வரை விடாதீர்கள். மணிப்பூரும் மிசோரமும் இடம் மாறுவதுதான் வழக்கமான சறுக்கல். மியான்மர் எல்லையில் நாகாலாந்துக்குத் தெற்கே மணிப்பூர், அதற்கும் தெற்கே மிசோரம், அதன் மேற்கே பெரும்பாலும் வங்கதேசத்தால் சூழப்பட்டது திரிபுரா.