தோள் தசைநார் வலி: ஊசிக்கும் கத்திக்கும் முன்னால் செய்ய வேண்டியது

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து 52 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய வீடுகளுக்கு வெள்ளையடிப்பதும், தேக்கு உத்திரங்களுக்கு வார்னிஷ் பூசுவதும் அவருடைய தொழில். எட்டு மாதமாக வலது தோளில் வலி. கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும், இரவில் அந்தப் பக்கம் புரண்டாலும் சுளீரென்கிறது. தசைநார் நைந்து, ஓரிடத்தில் பாதி கிழிந்திருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி என்கிறார், இன்னொருவர் பி.ஆர்.பி. என்ற இரத்தத் தட்டணு ஊசி என்கிறார், அறுவை சிகிச்சை இல்லாமல் இது தீருமா என்று கேட்கிறார்.

பெரும்பாலானோருக்குத் தீரும். ஆனால் தீர்ப்பது ஊசியன்று, முறையான பயிற்சி. அதற்குக் குறைந்தது மூன்று மாதம் பொறுமை வேண்டும்.

தோள்மூட்டைச் சுற்றியுள்ள நான்கு தசைகளின் நார்கள் ஒன்றுசேர்ந்து, மேற்கை எலும்பின் தலையை அதன் குழியில் பிடித்து வைத்திருக்கின்றன. இவற்றில் மேலே இருக்கும் நார்தான், அண்ணாந்து கையைத் தூக்கியபடி ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவர்களுக்கு முதலில் பழுதடைகிறது. இது வெறும் வீக்கமன்று, நாரின் இழையமைப்பே சீர்குலைவது. ஆகவே வலி மாத்திரை சில நாள் ஆறுதல் தருமே தவிர நாரைச் சீராக்காது, நீண்ட நாள் சாப்பிட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாதிக் கிழிசல் என்ற சொல்லைக் கண்டும் கலங்க வேண்டாம். வலியே இல்லாத முதியோர் பலரின் ஸ்கேனிலும் அது தென்படும்.

சர்க்கரை இருப்பதால் ஒன்றை முதலில் சோதித்துவிடுங்கள். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ள, வேறொருவர் உங்கள் முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பட்டும். மற்றக் கையைவிட மிகக் குறைவாகத் திரும்பி நின்றுவிட்டால், அது நீரிழிவுக்காரர்களிடம் அதிகம் காணப்படும் தோள் இறுக்கமாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேறு.

பயிற்சியை அசைவில்லாத அழுத்தத்திலிருந்து தொடங்குவது நல்லது. சுவரோரம் நின்று, முழங்கையை மடக்கி, புறங்கையால் சுவரை அரை நிமிடம் அழுத்தி விடுங்கள். ஐந்து முறை போதும். அது எளிதானதும் ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி முன்கையை உள்ளும் வெளியும் இழுக்கலாம். பிறகு தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலைத் தோளுயரம் வரை தூக்கிப் பழகி, சில வாரங்களுக்கு ஒருமுறை எடையைக் கூட்டலாம். பயிற்சியின்போது சற்று வலித்தால் தவறில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் மட்டும் அளவைக் குறையுங்கள். இதற்குத் தினந்தோறும் காசு கட்டி சிகிச்சை நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. 708 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தவர்களும், பலமுறை சென்று பயின்றவர்களும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

அதே ஆய்வில் ஸ்டீராய்டு ஊசியின் சிறு பயன் எட்டு வாரத்தில் தெரிந்தது, ஓராண்டில் இல்லை. எனவே தூங்கவோ பயிற்சி செய்யவோ முடியாத அளவு வலி இருந்தால் ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். திரும்பத் திரும்பப் போட்டால் நார் பலவீனமாகும். ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால், போடுபவரிடம் நீரிழிவைச் சொல்லிவிட்டு, அந்த நாள்களில் அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள். பி.ஆர்.பி. என்பது உங்கள் இரத்தத்தையே எடுத்து, தட்டணுக்களைச் செறிவாக்கிச் செலுத்துவது. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன, செலவோ அதிகம். கடன் வாங்கிச் செய்ய வேண்டியதன்று என்பது என் கருத்து. ஷாக்வேவ், அதாவது வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தும் சிகிச்சை, நாரில் சுண்ணாம்புப் படிவு இருப்பவர்களுக்கு உதவக்கூடும். உங்கள் ஸ்கேனில் அதைப் பற்றிய குறிப்பில்லை. சுளுக்கு எடுப்பவரிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்வது இதமாக இருக்கலாம், ஆனால் வெடுக்கென்று இழுக்கவோ, இறுக்கிக் கட்டுப் போட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைக்கவோ விடாதீர்கள்.

அறுவை சிகிச்சை பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோள் எலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கி இடம் உண்டாக்கும் சிகிச்சையை, உள்ளே கருவியை விட்டுப் பார்த்ததோடு நிறுத்திய போலிச் சிகிச்சையுடன் ஒப்பிட்டு, 2018இல் வெளியான ஆய்வில் செதுக்கியதால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை.

வேலையை அடியோடு விட வேண்டாம், கையைத் தூக்கும் உயரத்தைக் குறைத்தால் போதும். சாரத்தை இன்னும் ஒரு படி உயர்த்திக் கட்டுங்கள்; விட்டத்துக்கு நீளக் கழியில் மாட்டிய ரோலரைப் பயன்படுத்துங்கள்; அண்ணாந்து செய்யும் வேலையை ஒரே நாளில் குவிக்காமல் வாரத்தில் பிரித்து வையுங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் மீண்டும் செல்லுங்கள். சாரத்திலிருந்து விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாமற்போனால் முழுக் கிழிசலாக இருக்கலாம், அப்போது மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. தோள் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, கை மரத்துப் பிடி தளர்ந்தாலோ உடனே காட்டுங்கள். நடக்கும்போதோ மாடியேறும்போதோ தோள் வலியோடு நெஞ்சடைப்பும் வியர்வையும் சேர்ந்தால், அது தோள் நோயென்று எண்ணாமல் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.