ஆய்வகத்தில் ஓடும் ஃபெம்டோ நொடி லேசர் களத்தில் ஏன் தடுமாறுகிறது?

ராணுவக் களப் பயன்பாட்டுக்குக் கச்சிதமான ஃபெம்டோ நொடி லேசரை (நொடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கே ஒரு ஃபெம்டோ நொடி) உருவாக்குவதில், அதன் ஒளித் துடிப்பின் திறன், அதாவது வாட் அளவு, போதாமைதான் முதன்மைத் தடையா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்துறைக்குள் இப்போதுதான் நுழைகிறீர்கள் என்று கருதி எழுதுகிறேன். 200 ஃபெம்டோ நொடித் துடிப்பில் 0.2 ஜூல் ஆற்றல் இருந்தாலே உச்சத் திறன் ஒரு டெராவாட்டை, அதாவது ஒரு லட்சம் கோடி வாட்டை, எட்டிவிடும். துடிப்பை நீட்டி, பெருக்கி, மீண்டும் சுருக்கும் முறையை இயற்பியலாளர்கள் டோனா ஸ்டிரிக்லேண்டும் ஜெரார் மூரூவும் 1985-லேயே காட்டிவிட்டார்கள். குலுங்கும் வண்டியில், குளிரிலும் வெயிலிலும், வல்லுநர் எவரும் அருகில் இல்லாமல் அதே துடிப்பை நாள்தோறும் பெறுவதுதான் கடினம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழு, இட்டெர்பியம் என்ற தனிமம் கலந்த கண்ணாடி இழையில், ஒளியின் தளவிளைவு (ஒளியலை அதிரும் திசை) சுழல்வதைக் கொண்டே துடிப்பை உண்டாக்கும் லேசர் ஒன்றைக் கட்டியது. மேசைமேல் அது வாரக்கணக்கில் பிசகாமல் ஓடியது. வெப்பநிலை அறைக்குள் வைத்துக் குளிர்விக்கத் தொடங்கியதும், ஆசிலோஸ்கோப்பில் சீப்பின் பற்களாக நின்ற துடிப்புகள் கலைந்து, தடித்த கோடு ஒன்றே எஞ்சியது. திறன்மானியின் எண்ணோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்றே அறிக்கை எழுதியிருப்போம்.

வெப்பநிலை மாறினாலும், இழையின் வளைவு சற்று அழுத்தப்பட்டாலும், அதன் இரட்டை ஒளிவிலகல் (அதிரும் திசைக்கேற்ப ஒளியின் வேகம் வேறுபடுவது) மாறிவிடுகிறது; அதோடு தளவிளைவும் மாறித் துடிப்பு கலைகிறது. தளவிளைவைக் காக்கும் இழைக்கு மாறி, துடிப்பைத் தொடங்கிவைக்கக் குறைக்கடத்தி ஆடியை (வலுவான ஒளியைக் கூடுதலாகப் பிரதிபலிக்கும் ஆடி) பொருத்திய பிறகே அது கட்டுக்குள் வந்தது. அடுத்து அதிர்வு மேசையில், துடிப்பைச் சுருக்கும் பகுதியில், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடான கிரேட்டிங்கைப் பிடித்திருந்த பசை தளர்ந்து துடிப்பு இரு மடங்கு நீண்டது. ஆற்றல் குறையாமலே உச்சத் திறன் பாதியானது.

கொள்கலனில் ஏற்றிச் சென்ற டெராமொபைல் லேசரையும், 2021-இல் சுவிட்சர்லாந்தின் சான்டிஸ் மலையுச்சியில் மின்னலை வழிநடத்திய லேசரையும் காட்டிச் சிலர் என்னை மறுக்கக்கூடும். அவை பெரும் சாதனைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை ஓரிடத்தில் நிலைகொண்டு, ஆய்வாளர்கள் உடனிருக்க இயங்கியவை.

எங்கள் மதிப்பாய்வுக் கூட்டங்களில் உச்சத் திறன் எத்தனை வாட் என்றே எப்போதும் கேட்டார்கள். அணைத்துப் போட்டால் துடிப்பு ஒவ்வொரு முறையும் தானாகத் தொடங்குகிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. இயந்திர வடிவமைப்பாளரைப் பெட்டி செய்யும் கட்டத்தில்தான் அழைத்தார்கள். பசையைத் தேர்ந்தெடுத்தபோது அவர் எங்களுடன் இல்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. உங்கள் குழுவிலாவது முதல் வரைபடம் போடும் நாளிலேயே அவரை அழைத்துவிடுங்கள்.