வண்டியில் எல்எஸ் இன்ஜின் (ஜிஎம் கம்பெனியின் வி8) மாற்றிப் பொருத்திய பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் ஏறவில்லை, ஸ்கேனரில் பி2138 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வருகிறது. த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) போய்விட்டதா?

அநேகமாக இல்லை. பி2138 பெடல் பக்கத்துக் கோடு. த்ராட்டில் பாடியின் சென்சாரில் கோளாறு என்றால் பி2135 போன்ற கோடு வந்திருக்கும். பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் உண்டு. இரண்டின் வோல்டேஜும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) பாதுகாப்புக்காகப் பவரைக் குறைத்துவிடும்.

முதலில் கேட்க வேண்டியது: பெடல் எந்த வண்டியிலிருந்து வந்தது? எல்எஸ் வகையின் பழைய தலைமுறையான ஜெனரேஷன் 3 இன்ஜின் வந்த டிரக்குகளில், எலக்ட்ரானிக் த்ராட்டில் இருந்தால், அதை இயக்கத் தனி டாக் மாட்யூல் (த்ராட்டில் கட்டுப்பாட்டுப் பெட்டி) இருக்கும். பெடல், மாட்யூல், கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே செட்டாக இருந்தால்தான் நிம்மதி. ஜெனரேஷன் 4-இல் அந்த வேலையை ஈசிஎம்மே செய்கிறது, ஆனாலும் பெடல் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கனெக்டர் பொருந்துகிறதே என்று நம்பாதீர்கள்.

செட் சரி என்றால், அப்புறம் வயரிங். இரண்டு சென்சார்களுக்கும் தனித்தனியாக 5 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். இன்ஜின் பிளாக்குக்கும் சேசிஸுக்கும் நடுவே நல்ல கிரவுண்ட் கேபிள் இருக்கிறதா? மாற்றும்போது பலர் மறப்பது இதைத்தான். பிறகு ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து பெடலை மெதுவாக மிதியுங்கள். இரண்டு அளவுகளும் தடுமாறாமல் சேர்ந்தே மாற வேண்டும்.

சாவி ஆனில் இருக்கும்போது த்ராட்டில் தகட்டை விரலால் தள்ளிப் பார்க்காதீர்கள், மோட்டார் விரலை நசுக்கிவிடும்.