மஞ்சக்குப்பம்னா கடலூரா, வேற ஊரா?

மாத்தலாகி வர்றீங்க, ஆர்டர்ல கடலூர்னு போட்டிருக்கு, விசாரிச்சா எல்லாரும் மஞ்சக்குப்பம்ங்கறாங்க, ரெண்டும் ஒண்ணானு கேட்டிருக்கீங்க. கவர்மெண்டுக்கு ஒண்ணுதான். எங்களுக்கு அப்படி இல்ல. உள்ளூர்ல ஓ.டி.க்காரன் (ஓ.டி.னா ஓல்டு டவுன்), பாப்புலியூர்க்காரன், மஞ்சக்குப்பத்துக்காரன்னுதான் பேச்சு, கடலூர்க்காரன்ங்கறது சென்னைக்குப் போனப்புறம் ஒட்டிக்கிற பேரு.

மேப்ப பாருங்க, வடக்கே தென்பெண்ணை, நடுவுல கெடிலம். இந்த ரெண்டு ஆத்துக்கும் நடுவுல இருக்குறது மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், கடலோரமா தேவனாம்பட்டினம். கெடிலம் பாலம் தாண்டினா திருப்பாதிரிப்புலியூர், அத யாரும் முழுசா சொல்றதில்ல, பாப்புலியூர்தான். இன்னும் தெக்கே போனா துறைமுகத்தோட ஓ.டி., அதாவது முதுநகர்.

இதுல மூத்தது பாப்புலியூர். அப்பரை கல்லுல கட்டி கடல்ல போட்டப்ப அவர் கரையேறினது இங்கதான்னு சொல்லுவாங்க, பாடலீஸ்வரர் கோயில் அதுக்கு சாட்சியா நிக்குது. சமணர்களுக்கும் இது பெரிய இடம், கி.பி. 458ல சர்வநந்தி லோகவிபாகம்னு ஒரு நூலை முடிச்சது இந்த ஊர்லதான்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க.

மஞ்சக்குப்பத்துக்கு மவுசு வந்தது கோட்டையால. 1690ல தேவனாம்பட்டினத்துல இருந்த கோட்டையை மராத்தியர்கிட்ட இருந்து இங்கிலீஷ் கம்பெனி வாங்குது, செயின்ட் டேவிட் கோட்டைனு பேரு வைக்குது. எல்லை எதுவரைனு முடிவு பண்ண விதம்தான் கூத்து, கோட்டைல இருந்து சுத்தி எல்லா பக்கமும் பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுற தூரம் வரைக்கும் உள்ள ஊரெல்லாம் எங்களுதுனு எடுத்துக்கிட்டாங்க. சர்வே ஆபீஸ் அமீன் எல்லாம் தேவையே இல்ல! குண்டு சாலை, குண்டு உப்பலவாடினு இன்னிக்கும் நாங்க சொல்ற பேரெல்லாம் அந்த குண்டுதான்.

கோட்டைக்குள்ள புழுக்கம் தாங்காம துரைமார் மேற்கே தோட்டம் போட்டு பங்களா கட்டினாங்க, அதுதான் மஞ்சக்குப்பம் கார்டன் ஹவுஸ், கிளைவ் கூட தங்கின வீடு. 1746ல பிரெஞ்சுக்காரன் மெட்ராஸை பிடிச்சதும் தெக்கத்தி இங்கிலீஷ்காரனுக்கு தலைமை இடமே இந்த கோட்டைதான். அந்த டிசம்பர்ல பாண்டிச்சேரில இருந்து பிரெஞ்சுப் படை பெண்ணையாத்த தாண்டி வந்து இந்த தோட்டத்த பிடிச்சுட்டு, நடந்த களைப்புல ஆயுதத்த கீழ வச்சுட்டு உக்காந்துட்டாங்க, அந்த நேரம் பாத்து ஆற்காடு நவாப்போட படை வந்து நிக்க, விழுந்தடிச்சு மறுபடி ஆத்த தாண்டி ஓடினாங்க.

1758ல பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையை பிடிச்சு இடிச்சே போட்டான், இப்ப தேவனாம்பட்டினத்துல ஆத்தங்கரையோரம் கொஞ்சம் செங்கல் சுவர்தான் மிச்சம், பெருசா எதிர்பாத்து போகாதீங்க. கோட்டை போச்சே தவிர அதிகாரம் போகல. 1801ல தென்னாற்காடு (கடலூரும் விழுப்புரமும் சேர்ந்திருந்த பழைய மாவட்டம்) இங்கிலீஷ் கம்பெனி கைக்கு வந்தப்புறம் மஞ்சக்குப்பம் மைதானத்த சுத்தி கலெக்டர் ஆபீஸ் அது இதுனு நிலைச்சுருச்சு, 1993ல விழுப்புரம் தனியா பிரிஞ்சப்புறமும் கடலூர் மாவட்டத்துக்கு தலைமை இடம் கடலூர்தான்.

சரி, உங்களுக்கு வேண்டியதுக்கு வரேன். ரயில்ல வந்தா திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன்ல இறங்குங்க, துறைமுகம் ஜங்ஷன் வேற, அது ஓ.டி. பக்கம், அங்க இறங்கினா ஆட்டோக்காரருக்குத்தான் லாபம். பஸ் ஸ்டாண்டும் பாப்புலியூர்லதான், லாரன்ஸ் ரோடு கடைத்தெருவும் பக்கத்துலயே. வீடு பாக்குறப்ப மட்டும் வாடகை கம்மினு பெண்ணையாத்து ஓரமா போயிடாதீங்க, 2024 டிசம்பர்ல அந்த ஆத்துல மேல இருக்குற சாத்தனூர் அணை திறந்து குண்டு உப்பலவாடி, கண்டக்காடு பக்கமெல்லாம் தண்ணி வீட்டுக்குள்ள ஏறுச்சு. ஓனர் சொல்றத நம்பாதீங்க, அந்த தெரு டீக்கடைல தண்ணி எதுவரை வந்துச்சுனு கேளுங்க, சுவத்துல கைய வச்சு காட்டுவாங்க.