பதில்: ஈசிஎச்எல் அணிக்கு எந்த ஊர்?

ஈசிஎச்எல் (வட அமெரிக்காவின் கீழ்நிலைத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) அணி ஒன்றை எந்த ஊரில் அமைக்கலாம் என்று கேட்டு, மக்கள்தொகையை மட்டும் வைத்து மூன்று ஊர்களைக் கொடுத்திருக்கிறீர்கள். முதலில் அரங்கைப் பாருங்கள். ஐஸ் ஹாக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். கூடைப்பந்துக்கென்றே கட்டிய அரங்கில் அதை விரித்தால், ஒரு முனையின் மேல் இருக்கைகளிலிருந்து கோல் தெரியாது. 1996இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகருக்கு வந்த கயோட்டீஸ் ஐஸ் ஹாக்கி அணிக்கு இதே சிக்கல்தான். தரைக்கடியில் குளிரூட்டும் குழாய்கள் உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், பிறகு பதிப்பது பெருஞ்செலவு.

அடுத்தது தேதிகள். ஒரு பருவத்தின் 72 ஆட்டங்களில் 36 சொந்த ஊரில். டிக்கெட் நன்றாக விற்பது வெள்ளி, சனி இரவுகளில்; இசை நிகழ்ச்சிக்காரர்கள் கேட்பதும் அவற்றைத்தான். ஆகவே அந்தத் தேதிகளை அரங்கக் குத்தகையிலேயே எழுதி வாங்குங்கள். உணவு விற்பனையிலும் பார்க்கிங்கிலும் பங்கு தராத அரங்கில், வாடகை குறைவென்று மயங்காதீர்கள்.

பனி விழாத ஊர் என்று, அமெரிக்காவின் தெற்கிலுள்ள சவன்னா போன்றதை ஒதுக்க வேண்டாம். அங்கே 2022 முதல் ஈசிஎச்எல் அணி இருக்கிறது. பக்கத்து எதிரணியின் ஊர் நார்த் சார்ல்ஸ்டன், பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம்தான்.