பென் டிரைவ் லினக்ஸ்: செய்த மாற்றமெல்லாம் எங்கே போகிறது?

கேள்வி: பப்பி லினக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தைப் பென் டிரைவில் போட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அமைத்தேன். மறுநாள் பார்த்தால் எல்லாம் பழையபடி. எங்கே தவறினேன்?

முதல் தடவை அணைக்கும்போது, சேமிக்கட்டுமா என்று பப்பி கேட்டிருக்கும். வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள். இல்லையென்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருப்பீர்கள். பப்பியின் மூல அமைப்பு ஸ்குவாஷ்எஃப்எஸ் வகைச் சுருக்கிய கோப்பில் இருக்கிறது. அதைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. நீங்கள் மாற்றுவது அத்தனையும் அதன்மேல் விரித்த ஒரு கண்ணாடித் தாளில் பதிகிறது. மேலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும், அவ்வளவுதான். முதல் பூட்டில் (கணினி எழும்போது) அந்தத் தாள் ராமில் (தற்காலிக நினைவகத்தில்) இருப்பதால், அணைத்ததும் போய்விடுகிறது. சேமிக்கச் சொன்னால் வட்டில் ஒரு சேமிப்புக் கோப்போ கோப்புறையோ உருவாகும். அடுத்த பூட்டில் அதையும் மூல அமைப்பின்மேல் விரித்துக்கொள்ளும்.

கேள்வி: சேமிப்புக் கோப்பு, சேமிப்புக் கோப்புறை என்று இரண்டு வழி காட்டுகிறதே, எது நல்லது?

பென் டிரைவ் ஃபேட்32 (விண்டோஸும் படிக்கும் கோப்பு முறை) என்றால் கோப்புதான் வழி. லினக்ஸின் அனுமதிகளும் இணைப்புகளும் ஃபேட்32-ல் நிற்காது. ஒரு கோப்புக்குள் 4 ஜிபிக்கு மேலும் போக முடியாது. இஎக்ஸ்டி4 (லினக்ஸின் சொந்தக் கோப்பு முறை) பகிர்வு இருந்தால் யோசிக்காமல் கோப்புறையைத் தேர்ந்தெடுங்கள். அளவை முன்கூட்டியே கணக்குப் போட வேண்டாம். பகிர்வில் இருக்கும் இடம் முழுவதும் உங்களுக்குத்தான்.

கேள்வி: தேவையில்லாத மென்பொருள்களை நிறைய அழித்தேன். காலியிடம் கூடவே இல்லை. ஏன்?

நல்ல கேள்வி. பலர் குழம்பும் இடம் இது. பப்பியோடு வந்த மென்பொருள் கீழ் அடுக்கில், அதாவது மூல அமைப்பில், இருக்கிறது, அங்கே கை வைக்க முடியாது. ஆகவே நீங்கள் அழித்ததும் மேல் அடுக்கான அந்தக் கண்ணாடித் தாளில், “இந்தப் பெயரை இனிக் காட்டாதே” என்று ஒரு அடையாளம் மட்டும் விழும். இதை ஒயிட்அவுட் என்பார்கள். அடுக்குகளை ஒன்றாகக் காட்ட ஏயூஎஃப்எஸ் என்ற முறையைப் பயன்படுத்தும் பப்பியில் சேமிப்புக் கோப்புறைக்குள் நேராகப் போய்ப் பாருங்கள்: .டபிள்யூஎச். என்று தொடங்கும் பெயர்களில் பூஜ்ய அளவுக் கோப்புகள் கிடக்கும். நீங்கள் அழித்தவற்றின் கல்லறைகள் அவை. அதில் ஒன்றை நீக்கினால், அடுத்த பூட்டில் அந்தப் பழைய கோப்பு எழுந்து வந்துவிடும்!

இதன் மறுபக்கமும் உண்டு. கீழ் அடுக்கில் இருக்கும் 50 எம்பி கோப்பில் ஒரே எழுத்தை மாற்றினாலும், முழுக் கோப்பும் மேல் அடுக்குக்குப் பிரதியாகும். சேமிப்பு திடீரென்று வீங்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அப்புறம் உலாவியின் கேஷைப் (பார்த்த பக்கங்களின் தற்காலிகப் பிரதிகள்) பாருங்கள்; பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

கேள்வி: டைனி கோர் என்ற இன்னொரு குட்டி லினக்ஸில் கடவுச்சொல் மாற்றினேன். மறுபடி பூட் செய்தால் மாற்றவே இல்லை என்கிறது.

டைனி கோர் வேறு ரகம். அங்கே மேல் அடுக்கு அப்படியே வட்டுக்குப் போவதில்லை. ஆப்ட் கோப்புறையில் .ஃபைல்டூல்.எல்எஸ்டி என்றொரு பட்டியல் இருக்கிறது. அதில் எழுதியவற்றை மட்டும் மைடேட்டா.டிஜிஇசட் என்று மூட்டை கட்டி, பூட்டில் அவிழ்க்கும். ஹோமும் (உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) ஆப்டும் ஏற்கெனவே பட்டியலில் உண்டு. கடவுச்சொல் இருக்கும் இடிசி/ஷேடோ அதில் இல்லை. அந்த வரியை, முன்னால் சாய்கோடு இல்லாமல், சேருங்கள். வெளியேறும்போது பேக்கப்பையும் தேர்ந்தெடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஹோம் பட்டியலில் இருப்பதால், அங்கே நீங்கள் இறக்கும் படங்களும் வீடியோக்களும் மூட்டைக்குள் போகும். நான் ஒருமுறை ஒரு டிவிடி பிம்பத்தை (முழு டிவிடியும் ஒரே கோப்பாக) ஹோமில் மறந்துவிட்டு அணைத்தேன். எழுந்து போய் வந்தும் மூட்டை கட்டி முடியவில்லை. இதற்கு .எக்ஸ்ஃபைல்டூல்.எல்எஸ்டி என்ற விலக்குப் பட்டியல் இருக்கிறது. அதைவிட, ஹோமை லினக்ஸ் பகிர்வு ஒன்றிலேயே நிலையாக வைத்துவிடுவது நிம்மதி. பூட் வரியில் (எழும்போது லினக்ஸுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) ஹோம்= என்று அந்தப் பகிர்வைக் காட்டினால் போதும்.

கேள்வி: தனியுரிமைக்கான லினக்ஸான டெயில்ஸ் எதையும் சேமிப்பதில்லையா?

தானாகச் சேமிக்காது, அதற்காகவே செய்தது அது. வேண்டுமென்றால் அதே பென் டிரைவில் மறையாக்கப்பட்ட நிலைச் சேமிப்பை உருவாக்கி, எதெதை வைத்திருக்க வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: வேலை நடுவே கரண்ட் போனால் எவ்வளவு இழப்பேன்?

பென் டிரைவில் ஓடும் பப்பி, ஃபிளாஷ் தேயக்கூடாது என்பதற்காக மாற்றங்களை ராமிலேயே வைத்திருந்து, வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுதும். ஆகவே அரை மணி நேர வேலைவரை போகலாம். முக்கியமாக எதையாவது முடித்ததும் திரையில் இருக்கும் சேவ் ஐகானைச் சொடுக்கிவிடுங்கள். ஹார்ட் டிஸ்கில் ஓடினால் உடனுக்குடன் எழுதிவிடும், இந்தக் கவலை இல்லை.

சேமிப்புக் கோப்பே கெட்டுப்போய்ப் பூட் ஆகவில்லை என்றால், பூட் வரியில் பிஃபிக்ஸ்=ராம் என்று கொடுங்கள். சேமித்ததைத் தொடாமல் புதிதாக எழும். பிஃபிக்ஸ்=எஃப்எஸ்சிகே கொடுத்தால் சேமிப்புக் கோப்பைச் சோதித்துப் பழுது பார்க்கும். அதற்கு முன் அந்தக் கோப்பை வேறு வட்டில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள், ஒரே கோப்புதானே.