ரோல்ஸ்-ராய்ஸுக்கு 'உலகின் சிறந்த கார்' என்ற பெயர் எப்படி வந்தது? இப்போது அது யாருடையது?

அந்தப் பெயரைச் சம்பாதித்துத் தந்ததில் பெரும்பங்கு ஒரு கிராங்க்ஷாஃப்டுக்கு (பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) உண்டு. அக்கால ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் நீண்ட கிராங்க்ஷாஃப்ட் முறுக்கதிர்வு (தண்டு முறுக்கிக்கொண்டு அதிர்வது) தாங்காமல் உடைந்துவிடும். 1906-இல் வந்த 7,036 சிசி 40/50 மாடலில் நிறுவனத்தின் பொறியாளர் ஹென்றி ராய்ஸ் அதைத் தடிமனாக்கி, அதைத் தாங்கும் ஏழு மெயின் பேரிங்குகளில் உட்காரவைத்து, அழுத்தத்தோடு ஆயில் பாயும்படி செய்தார். வேலை அங்கேயே பாதி முடிந்தது.

1907-இல் அந்த மாடலில் 'சில்வர் கோஸ்ட்' என்று பெயரிட்ட வண்டியை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே, ஞாயிறு தவிர இரவும் பகலும் ஓட்டினார்கள். 629-ஆவது மைலில் பெட்ரோல் டேப் (எரிபொருள் குழாயின் திருகு) குலுங்கித் தானே மூடிக்கொண்டதால் வண்டி நின்றது. அதன்பின் 14,371 மைல் கோளாறால் ஒருமுறையும் நிற்கவில்லை! பிறகு ஆர்.ஏ.சி. (பிரிட்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப்) அதிகாரிகள் பிரித்துச் சோதித்தார்கள். புதிதுபோல் ஆக்கத் தேவைப்பட்ட உதிரிபாகங்களின் விலை 2 பவுண்டு சொச்சம்தான்.

உரிமை விஷயம் கொஞ்சம் சிக்கல். 1998-இல் ஃபோக்ஸ்வாகன் 43 கோடி பவுண்டு கொடுத்து, ரோல்ஸ்-ராய்ஸும் பென்ட்லியும் தயாரான இங்கிலாந்தின் க்ரூ ஆலையை வாங்கியது. ஆனால் 'ரோல்ஸ்-ராய்ஸ்' என்ற பெயர் விமான எஞ்சின் நிறுவனத்தின் கையில் இருந்தது. பிஎம்டபிள்யூ அந்தப் பெயரை 4 கோடி பவுண்டுக்குப் பெற்றுவிட்டது. 2003 முதல் இங்கிலாந்தின் குட்வுட்டில் பிஎம்டபிள்யூவின் புது ஆலையில் ரோல்ஸ்-ராய்ஸ் தயாராகிறது. க்ரூ ஆலை ஃபோக்ஸ்வாகனின் பென்ட்லிக்குப் போனது. ஆகவே 2003-க்கு முன் க்ரூவில் தயாரான வண்டி வைத்திருப்பவர்கள் அசல் உதிரிபாகங்களுக்கு பென்ட்லியின் க்ரூவைத்தான் கேட்க வேண்டும்.